இருமல் வெளியே கேட்காத வீடு

பக்கத்து யூனிட்டில் காலையும் மாலையும் மிக்ஸி ஓடும். ஒரு சட்னிக்கான ஓட்டமாக இருக்காது. கல்யாண வீட்டுக்கு மாவரைக்கிற மாதிரி நெடுநேரம் ஓடும். நானும் மூக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன். தேங்காய் வாசனை வராது, மிளகாய் நெடியும் வராது. மூன்றே பேர் இருக்கிற வீட்டில் இவ்வளவு அரைத்து யார்தான் சாப்பிடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். உண்மையில் இல்லைதான். அவர் கம்ப்யூட்டர் வேலைக்கு விசா வாங்கி வந்தவர், நான் அந்த விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், த்ரீ கிங்ஸ் என்கிற பகுதியில், குளிர்கால மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பொதுச்சுவர்தான் ஒரே துணை.

அந்த வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, அகலமான உள்ளங்கைகள், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை. கணவர் நகரத்துக்கு வெளியே புக்கெகோஹி என்கிற ஊரில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெட்டியில் அடைக்கிற கொட்டகையில் வேலை பார்த்தார். இருட்டோடு போவார், இருட்டோடு வருவார். ஒரே மகள், பதினைந்து வயது. பார்த்தால் பதினொன்றுதான் சொல்லத் தோன்றும்.

ஒருநாள் அக்காவின் மிக்ஸி கருகிவிட்டது. என் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, உங்கட கிரைண்டரை ஒருக்காத் தருவீங்களோ? இப்பவே திருப்பித் தாறன்" என்றார். கொடுத்தேன், மூடியை மறந்துவிட்டேன். மூடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர்கள் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே என் மிக்ஸி ஓட ஆரம்பித்துவிட்டது. மூடி இல்லாமல் எதை அரைக்கிறார் என்று எட்டிப் பார்த்தால் ஜாருக்குள் ஒன்றுமே இல்லை.

சோபாவில் தலையணைகளை அடுக்கி, அதன்மேல் மகள் குப்புறக் கிடந்தாள். தலை கீழே, இடுப்பு மேலே. அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம்போல் குவித்து அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட அந்தப் பெண் இருமினாள். எதையோ அடியோடு பெயர்க்கப் பார்க்கிற இருமல். பிளாஸ்டிக் கோப்பையில் துப்பினாள். போஸ்டர் ஒட்டுகிற பசையைப்போலக் கெட்டியாக, பச்சையாக விழுந்தது. அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் மிக்ஸி.

அக்கா என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"கதவைச் சாத்துங்கோ."

வெளியே போய்ச் சாத்துவதா, உள்ளே நின்று சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே நின்று சாத்தினேன்.

"கண்டிட்டீங்கள்," என்றார். "இனி உங்களோடயும் இருக்கட்டும்."

அன்றைக்கு மாட்டினேன். அதற்குப் பிறகு கோவிலிலோ கடையிலோ எந்தத் தமிழரைக் கண்டாலும் என் வாயில் பூட்டுத் தொங்கியது. வம்பு பேசியே வளர்ந்த மதுரைக்காரிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அக்காவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வியாதியின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று மகள்தான் எனக்குச் சொன்னாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி, உங்களுக்கு எப்படி என்று டாக்டரே முதலில் நம்பவில்லையாம். ஆஸ்துமா என்றார்கள், சயரோகமோ என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் அவள் வியர்வையை எடுத்து உப்புப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலிருந்தும் சேர்ந்து வந்தால்தான் வருகிற வியாதி. பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் நம் குடும்பங்களில் பழியை எதிர்ப்பக்கத்து உறவில் போட்டு ஒரு மூச்சு அழலாம். அக்காவுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. கட்டினது சொந்த மாமன் மகனை, இரண்டு பக்கமும் ஒரே வீடு.

"அப்ப யாரைத் திட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒருத்தரையும் இல்லை. தட்டுறதுதான்" என்றார்.

மற்றவர்களுக்கு அவர் சொன்னது 'வீசிங்'. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மொத்த ஆக்லாந்தையும் சமாளித்தார். மூச்சுக்கு மருந்து ஏற்றுகிற இயந்திரம் ஒன்று கூடத்து மூலையில் இருந்தது. அதன்மேல் பின்னல் துணி போட்டு மூடி, மீன்தொட்டிக்கு வாங்கிய மோட்டார் என்று சொல்லி வைத்திருந்தார். ஒருமுறை விருந்தாளி ஒருவர் மீன் எங்கே என்று கேட்டுவிட்டார். "செத்துப் போச்சு" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். விருந்தாளி துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

சாப்பிட்டது செரிக்க அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு வேளையும் குளிகை வேண்டும். விசேஷ வீடுகளில் அக்கா சோற்றைக் குழைத்து உருண்டை பிடித்து, நடுவில் குளிகையை ஒளித்து, எல்லோரும் பார்க்க மகளுக்கு ஊட்டுவார். இவ்வளவு பெரிய பெண்ணுக்கு ஊட்டுகிறாளே என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். மகள் சிரிக்கமாட்டாள், மாத்திரையைப் பல்லில் படாமல் விழுங்குவதில் கவனமாக இருப்பாள்.

இருமலுக்கு ஒரு சைகை வைத்திருந்தார். கோவிலில், பிறந்தநாள் வீட்டில், எங்கேயானாலும் மகளின் தொண்டை அசைவதைக் கண்டால் அக்காவின் விரல் தன் தாலிக்கொடியை இரண்டு தடவை தொடும். அவ்வளவுதான். மகள் உதட்டை இறுக்குவாள், கண்ணில் நீர் தளும்பும், கழுத்து நரம்பு புடைத்து அடங்கும். வந்தது உள்ளேயே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டும். எழுந்து போய் வெளியே நின்றுகொள்வேன்.

"பள்ளிக்கூடத்தில என்ன செய்வா?" என்று கேட்டேன்.

"அங்கை இருமட்டும். வெள்ளைக்காரன் முன்னால எவ்வளவும் இருமலாம். அவன் பொம்பிளை கேட்டு வரமாட்டான்."

அதுதான் விஷயம். ஒரு நாளைக்கு மகளைக் கல்யாணம் செய்துகொடுக்க வேண்டும், அதற்குள் நோயாளிப் பெண் என்று பெயர் விழுந்துவிடக் கூடாது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மானத்துக்காகப் பிள்ளையின் மூச்சைப் பிடித்துவைக்கிறாரே என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தப் பிள்ளைகள் அதிக வருஷம் இருக்கமாட்டார்கள் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைக்கு அக்கா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். மகள் பிழைத்துக் கிடப்பாள் என்று அவர் நம்புவதற்கு இருந்த ஒரே வழி அது. அதைப் புரிந்துகொண்ட பிறகு என்னால் கோபப்படவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று மகள் ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றபடி விளக்கினாள். பாதி இங்கிலீஷ், பாதி யாழ்ப்பாணம். மூச்சுக் குழாயில் எல்லோருக்கும் ஒரு வழுவழுப்பு உண்டாம், தூசியையும் கிருமியையும் மெல்ல மேலே தள்ளிவிட. இவளுக்கு அதில் தண்ணீர் சேராது, அதனால் பசையாகி ஒட்டிக்கொள்ளும். கிருமிகளுக்கு அது நல்ல வீடு. "பிறகு வைட் செல்ஸ் ஃபைட் பண்ண வரும் ஆன்ட்டி. ஜெர்ம்ஸ் சளிக்குள்ள ஒளிச்சிருக்கும். பிடிக்க ஏலாது. அந்தக் கோபத்தில லங்ஸைத்தான் டேமேஜ் பண்ணும். பிறகு அங்கேயே சாகும். செத்ததும் சேர்ந்து சளி இன்னும் திக் ஆகும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "விளங்குதோ தங்கச்சி? எங்கட ஊரிலயும் இதுதான் நடந்தது. ஒளிச்சிருக்கிறவனைப் பிடிக்க எண்டு வந்தவங்கள் வீட்டைக் கொளுத்திப்போட்டுப் போனவங்கள்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரிப்பில் மகளுக்கு இருமல் வந்தது. அக்கா கையை நீட்டி என் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். என் வீட்டுக்கு அந்தப் பக்கம் தமிழர் யாரும் இல்லை, வயதான ஒரு வெள்ளைக்காரர்தான். இருந்தாலும் திறந்தார். வீட்டுச் சத்தம் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு.

அந்தப் பெண் வயதுக்கு வரத் தாமதமானது. இந்த வியாதியில் அப்படித்தானாம், உடம்பில் எதுவும் ஒட்டாது. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கோவிலில் என்னிடமே இரண்டு பேர் காதோடு கேட்டார்கள். என் வாயில்தான் பூட்டு. பதினாறு முடிகிற சமயத்தில் ஒருநாள் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பெரிய பிள்ளையாகிட்டா, தங்கச்சி" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சடங்கு வைக்கப்போகிறேன், ஒருத்தரையும் விடாமல் கூப்பிடப்போகிறேன் என்றார்.

ஆகஸ்ட் மாதம், ஆரம்பப் பள்ளிக்கூட மண்டபம். வெளியே மழை, உள்ளே எல்லா ஜன்னலும் சாத்தி ஹீட்டர் ஓடியது. வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தடுமல். பாலும் அறுகும் வைத்துத் தலையில் தண்ணீர் வார்த்தார்கள், ஈரக்கூந்தலுக்குச் சாம்பிராணி போட்டார்கள். பிறகு பட்டுச் சேலையும் நகையுமாக அவளை மேடையில் உட்கார்த்தி வைத்து, பெண்கள் இரண்டிரண்டு பேராக ஏறி ஆரத்தி எடுத்தார்கள். ஒவ்வொருவரும் அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து, கன்னத்தைத் தடவி, தும்மலை அடக்கிக்கொண்டு வாழ்த்தினார்கள். வீடியோக்காரர் பெரிய விளக்கோடு எதிரே நின்றார். கேசட் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகவேண்டும், போகிற இடமெல்லாம் மாப்பிள்ளை வீடுகள்.

மகளின் கழுத்து நரம்பு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அக்காவின் விரல் தாலிக்கொடியிலிருந்து எடுபடவே இல்லை. நான் மேடை ஓரம் போய், "அக்கா, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்சம் இருமிட்டு வரட்டும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சப் பேர்தான். வீடியோவில இருமல் விழக்கூடாது, தங்கச்சி."

அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவர், எங்கள் பக்கத்திலேயே குடியிருந்து சிட்னியில் மகன் வைத்திருந்த ஒரு மாமி. பட்டுச்சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக மேடையில் நெடுநேரம் நின்று பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். இறங்கும்போது அக்காவிடம், "எங்கட சின்னவனுக்கும் இன்னும் கொஞ்ச வருஷத்தில பாக்கவேணும். பிள்ளை அமைதியா இருக்கிறா" என்றார். அக்கா அன்று முழுவதும் அந்தச் சொல்லைத் தின்றே பசியாறினார்.

ஒரு இருமல்கூட கேசட்டில் விழவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து தட்டியபோது எதுவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா என் வீட்டுக்கு வந்தார், முகமெல்லாம் வெளிச்சம். "நெஞ்சு தெளிஞ்சிட்டுது, தங்கச்சி. சாமத்தியத்தோட சளியும் போட்டுது." பெண் வயதுக்கு வந்தால் வீசிங் விட்டுவிடும் என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். அக்கா அந்தப் பெயரை மற்றவர்களுக்காகத்தான் வைத்திருந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு வேளைத் தட்டு ஒருவேளை ஆனது. பிறகு அதுவும் நின்றது. பக்கத்து யூனிட் அமைதியானது.

மகளுக்கும் சந்தோஷம்தான். சிநேகிதிகளோடு ஷாப்பிங் சென்டருக்குப் போய்வந்தாள். திரும்பி வரும்போது என் வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னம்மா என்று கேட்டேன். "ஐயம் ஓகே ஆன்ட்டி. லெஃப்ட் சைட் கொஞ்சம் நோகுது" என்றாள். அக்காவிடம் சொன்னேன். சடங்குக் களைப்பு, மேடையில் உட்கார்ந்த வலி என்றார். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அக்கா என் கதவைத் தட்டிய வேகத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மகள் சோபாவில் காய்ச்சலில் கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது. எங்கள் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் குழலை வைத்து முதுகை நெடுநேரம் கேட்டார். இடதுபக்கம் கீழே சத்தமே இல்லை என்றார். அது நல்லதுதானே என்று அக்கா என்னைப் பார்த்தார். மூச்சுக் குழாயைச் சளிக்கட்டி அடைத்துவிட்டது, காற்றே போகவில்லை, அதனால்தான் சத்தமில்லை என்று டாக்டர் படம் காட்டி விளக்கினார். அந்தப் பகுதி சுருங்கிவிட்டது. அதற்குள் கிருமியும் புண்ணும் எரிந்துகொண்டிருக்கின்றன. ஊசி மருந்து ஏற்றலாம், ஆனால் கட்டியை வெளியே கொண்டுவர வேண்டியவள் அவள்தான், இருமித்தான் கொண்டுவர வேண்டும். சீக்கிரம் திறக்காவிட்டால் அந்தப் பகுதி போனது போனதுதான். மிச்சத்தை வைத்துக்கொண்டு இவளால் நெடுநாள் ஓட்ட முடியாது. இதை அவர் இரக்கமாகத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

"சத்தம் இல்லாததைச் சுகம் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அக்கா. என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

தனி அறை கொடுத்தார்கள். இந்த வியாதி உள்ள பிள்ளைகளை ஒரே அறையில் போடமாட்டார்களாம், ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றும் என்று. திறக்க முடியாத ஜன்னல். கையில் மருந்துக் குழாய். உடற்பயிற்சி சொல்லித்தருகிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து, கட்டிலைச் சாய்த்து, முதுகில் தட்டினாள். பெரிதாக இருமு, வெட்கப்படாதே என்றாள். அம்மா பக்கத்தில் நிற்க, மிக்ஸிச் சத்தமும் இல்லாமல், மகளுக்கு இருமத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வருவது தொண்டையில் வந்ததும் உதடு தானாக மூடிக்கொண்டது. இத்தனை வருஷப் பழக்கம், அவள் நினைத்தாலும் விடவில்லை. அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். உள்ளே அடைபட்டவள் வெளியே வரக் கதவைத் தேடுகிற பயம். முதல் நாள் அப்படியே போனது. இரண்டாம் நாளும் போனது.

மூன்றாம் நாள் அக்கா, தானே தட்டுவதாகச் சொன்னார். வெள்ளைக்காரப் பெண் விலகி நின்றாள். தலையணையை அடுக்கி, மகளைச் சாய்த்துப் போட்டு, அக்கா கைகளைக் குவித்தார். தட்டு விழ விழ மகளின் விலா அதிர்ந்தது. உள்ளே ஏதோ இளகியிருக்க வேண்டும், அவள் தலையைத் தூக்கினாள், வாய் திறக்கப் போனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிட்னி மாமி வந்து நின்றார். கையில் ஆப்பிள் பை, பட்டுச்சேலைக்கு மேல் மழைச்சட்டை. "பிள்ளைக்குச் சுகமில்லையெண்டு கேள்விப்பட்டன்" என்றார்.

மகள் வாயை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கண் நேராகத் தாயின் கழுத்துக்குப் போனது, விரல் எங்கே என்று பார்க்க.

அக்கா கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவர் இருமினார். பொய் இருமல், ஆனால் வயிற்றிலிருந்து, அறை முழுக்க, தாழ்வாரம் வரைக்கும் கேட்கிற மாதிரி. தாழ்வாரத்தில் போன நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அக்கா மறுபடியும் இருமினார். மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இருமு பிள்ளை. இந்தா, என்னைப் பார். இப்பிடி."

மகள் பார்த்தாள். அம்மா பைத்தியமாகிவிட்டாள் என்று நினைத்திருப்பாள். பிறகு அவளுக்கும் வந்தது. ஒரு இருமல், இன்னொன்று, அப்புறம் நிற்காமல். உடம்பு வில்லாக வளைந்தது. கோப்பையில் பச்சையும் பழுப்புமாக ஒரு கட்டி விழுந்தது, குழாயின் வடிவத்திலேயே நீளமாக. ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். வெள்ளைக்காரப் பெண் கைதட்டாத குறை.

"என்ன இது? வீசிங் எண்டெல்லோ சொன்னீங்கள்?" என்றார் மாமி.

"வீசிங் இல்லை மாமி," என்றார் அக்கா, கையை நிறுத்தாமல். "பிறப்போட வந்த வருத்தம். சுவாசப்பையில பசை. மாறாது. நாளும் பொழுதும் தட்டவேணும்."

மாமி ஆப்பிள் பையை நாற்காலியில் வைத்தார். சுகமாகும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் வேகமாகப் போவது கேட்டது. இன்று மாலைக்குள் நம் ஆட்கள் நிறைந்த மௌன்ட் ராஸ்கில் பகுதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

இன்னும் உள்ளே இருக்கிறது, நிறுத்தாதீர்கள் என்றாள் வெள்ளைக்காரப் பெண். அக்கா அடுத்த பக்கம் திருப்பிப் போட்டார். கை குவிந்தது, ஆனால் முதுகில் இறங்காமல் அப்படியே நின்றது.

"இனி உன்னை ஆர் கட்டுவினம், பிள்ளை?" என்றார்.

மகள் தலையணைக்குள் முகம் புதைத்தபடி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள், ஒரு சொல்கூட இங்கிலீஷ் கலக்காமல்:

"உயிரோட இருந்தாத்தானே அம்மா கட்டுறது. தட்டுங்கோ."